ரிப்போர்ட்ல என்ன இருக்கு? - 'நார்மல்'னுதான் போட்டிருக்கு... ஆனாலும் டாக்டரைப் பார்க்கணுமா? புராஸ்டேட் சிகிச்சைக்குப் பிறகு ஏறும் பி.எஸ்.ஏ

"என் அப்பாவுக்கு 66 வயசு. புராஸ்டேட் கேன்சருக்காக ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஆபரேஷன் பண்ணி அந்தச் சுரப்பியையே எடுத்துட்டாங்க. போன வருஷம் பி.எஸ்.ஏ டெஸ்ட்ல '0.1-க்குக் கீழ்'னு வந்துச்சு. ஆறு மாசத்துக்கு முன்னாடி 0.15. இப்போ 0.3. ஆனா ரிப்போர்ட்ல பக்கத்துலேயே 'நார்மல்: 0 - 4'னு அச்சடிச்சிருக்கு. 'நாலு வரைக்கும் நார்மல்னு அவங்களே போட்டிருக்காங்க, நான் எதுக்கு மலையிறங்கி வரணும்?'னு அப்பா கேட்கிறார். கிழங்கு பிடுங்குற நேரம் வேற. அவர் சொல்றது சரியா?"

- கல்வராயன் மலை, கரியாலூரிலிருந்து ஒரு வாசகி.

சுருக்கமான பதில் முதலில்: அப்பா ரிப்போர்ட்டைச் சரியாகத்தான் படித்திருக்கிறார். ஆனால், அதில் அச்சாகியிருக்கும் அளவுகோல் அவருக்கானது அல்ல. 0.3 என்பது அவர் விஷயத்தில் 'நார்மல்' கிடையாது. பதற்றப்பட வேண்டிய அவசரமும் இல்லை, அடுத்த அறுவடை வரை தள்ளிப்போடும் விஷயமும் இல்லை. சில வாரங்களுக்குள் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். இதே குழப்பம் ரேடியேஷன் எடுத்தவர்கள், ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்பவர்கள் வீட்டிலும் இருப்பதால் அவர்களையும் சேர்த்தே பேசுவோம்.

அந்த '0 - 4' யாருக்காக?

பி.எஸ்.ஏ என்பது 'புராஸ்டேட் ஸ்பெசிஃபிக் ஆன்டிஜென்' என்பதன் சுருக்கம். புராஸ்டேட் செல்கள் உற்பத்தி செய்யும் ஒரு புரதம். விந்துவை நீர்க்கச் செய்வது அதன் வேலை. அதில் கொஞ்சம் ரத்தத்திலும் கசியும். ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தில் எத்தனை நானோகிராம் இருக்கிறது என்பதைத்தான் லேபில் அளக்கிறார்கள்.

புராஸ்டேட் சுரப்பி உடம்பில் இருக்கிற, சிகிச்சை எதுவும் எடுக்காத ஆணுக்கு 4 வரை இருக்கலாம் என்பது பல காலமாகப் புழக்கத்தில் இருக்கும் கணக்கு. லேப் கம்ப்யூட்டர் அதைத்தான் எல்லோருடைய ரிப்போர்ட்டிலும் அச்சடிக்கிறது. ரத்தம் கொடுத்தவருக்கு ஆபரேஷன் ஆகியிருக்கிறதா, ரேடியேஷன் கொடுத்திருக்கிறார்களா என்பதெல்லாம் அந்த கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

இன்னொரு விஷயம். இந்தப் பரிசோதனை முதன்முதலில் எதற்காக வந்தது தெரியுமா? 1986-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ அமைப்பு பி.எஸ்.ஏ டெஸ்ட்டுக்கு அனுமதி கொடுத்தபோது, ஏற்கெனவே புராஸ்டேட் கேன்சர் உறுதியானவர்களைக் கண்காணிப்பதற்காகத்தான் கொடுத்தது. புதிதாக நோயைக் கண்டுபிடிக்க உதவும் டெஸ்ட்டாக அனுமதி கிடைத்தது 1994-ல்தான். ஆக, சிகிச்சை முடிந்தவர்களைக் கவனிப்பதுதான் இந்த டெஸ்ட்டின் மூத்த வேலை. அந்த வேலைக்கு அளவுகோல் வேறு. அதுவும் சிகிச்சைக்குச் சிகிச்சை மாறும்.

ஆபரேஷன் செய்தவர்களுக்கு...

சுரப்பியையே முழுதாக எடுத்துவிட்ட பிறகு, பி.எஸ்.ஏ-வை உற்பத்தி செய்ய ஆள் இல்லை. ரத்தத்தில் மிச்சமிருப்பதும் இரண்டு மூன்று நாள்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். ஆறு முதல் எட்டு வாரங்களில் லேபால் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கிவிட வேண்டும். ரிப்போர்ட்டில் '0.1-க்குக் கீழ்' என்று வருவது அதைத்தான் சொல்கிறது.

அப்படி இறங்கியது மறுபடி ஏறினால், எங்கோ புராஸ்டேட் செல்கள் இருக்கின்றன என்று பொருள். பி.எஸ்.ஏ 0.2 அல்லது அதற்கு மேல் வந்து, இரண்டாவது முறை எடுத்த டெஸ்ட்டிலும் 0.2-க்குக் குறையாமல் இருந்தால், நோய் திரும்பியிருப்பதற்கான ரத்த அடையாளமாக டாக்டர்கள் அதை எடுத்துக்கொள்கிறார்கள். இதற்கு 'பயோகெமிக்கல் ரெக்கரன்ஸ்' என்று பெயர். ரத்தத்தில் மட்டும் தெரிகிறது, உடம்பில் வலியோ கட்டியோ எதுவும் தெரியவில்லை என்கிற நிலை. அபூர்வமாக, ஆபரேஷனில் விடுபட்ட சாதாரண புராஸ்டேட் திசுகூடக் கொஞ்சம் பி.எஸ்.ஏ-வைச் சுரக்கலாம். அதனால்தான் ஒரே ஒரு எண்ணை வைத்து யாரும் முடிவு கட்டுவதில்லை.

கரியாலூர் வாசகியின் அப்பாவுக்கு 0.3 வந்திருக்கிறது. அடுத்து செய்ய வேண்டியது, அதே லேபில் இன்னொரு டெஸ்ட். அந்த ரிப்போர்ட்டுடன் ஆபரேஷன் செய்த யூராலஜிஸ்ட்டையோ, புற்றுநோய் மருத்துவரையோ பார்ப்பது.

ரேடியேஷன் எடுத்தவர்களுக்கு...

இங்கே கதை வேறு. சுரப்பி உடம்பிலேயே இருக்கிறது. அதனால் பி.எஸ்.ஏ சட்டென்று இறங்காது. மெதுவாக, ஒன்றரை இரண்டு வருடங்கள்கூட எடுத்துக்கொண்டு இறங்கும். பூஜ்ஜியத்துக்கு வர வேண்டும் என்கிற கட்டாயமும் இல்லை. இறங்கி இறங்கி எந்த அளவில் நிற்கிறதோ, அதுதான் அவருடைய அடிமட்டம். அந்த அடிமட்டத்தைவிட 2 நானோகிராம் கூடுதலாக ஏறினால்தான் நோய் திரும்பியதாகக் கணக்கு. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்தில் 2005-ல் கூடிய நிபுணர்கள் வகுத்த கணக்கு என்பதால், இதை 'ஃபீனிக்ஸ் வரையறை' என்கிறார்கள்.

உதாரணமாக, ஒருவருக்கு பி.எஸ்.ஏ 0.5 வரை இறங்கி நின்றது என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு அபாயக் கோடு 2.5. இன்னொருவருக்கு 1.0-ல் நின்றால், அவருக்கு 3.0. பக்கத்து வீட்டுக்காரர் ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில் அர்த்தமில்லை என்பது இதனால்தான்.

நடுவில் பயமுறுத்தும் ஒரு விஷயமும் உண்டு. ரேடியேஷன் முடிந்து ஒன்று முதல் மூன்று வருடங்களுக்குள் பி.எஸ்.ஏ கொஞ்சம் ஏறி, தானாகவே மறுபடி இறங்கிவிடும். பந்து தரையில் பட்டு எம்புவது போல என்பதால் இதற்கு 'பவுன்ஸ்' என்று பெயர். கதிர்வீச்சு விதைகளை உள்ளே வைக்கும் 'பிராக்கிதெரபி' எடுத்தவர்களிடம் இதை அதிகம் பார்க்கலாம். இது நோய் இல்லை. ஆனால், பவுன்ஸா, உண்மையான ஏற்றமா என்பதை முதல் நாளே சொல்லிவிட முடியாது. தொடர்ந்து எடுக்கும் டெஸ்ட்டுகள்தான் சொல்லும். சிறுநீர்த் தொற்று இருந்தாலும், சமீபத்தில் சிறுநீர்க் குழாய் போட்டிருந்தாலும் இவர்களுக்கு பி.எஸ்.ஏ ஏறலாம். டெஸ்ட்டுக்கு முன் அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

வயதானவர்களுக்கு ரேடியேஷனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம்: தென்னாப்பிரிக்காவின் நெல்சன் மண்டேலாவுக்கு 2001-ல், 83 வயதில், புராஸ்டேட் கேன்சருக்கு ரேடியேஷன் கொடுத்தார்கள். அதன் பிறகு 12 வருடங்கள் வாழ்ந்து, 2013-ல் 95-வது வயதில்தான் இறந்தார்.

ஹார்மோன் ஊசி போடுபவர்களுக்கு...

ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன்தான் புராஸ்டேட் கேன்சர் செல்களுக்குத் தீனி. அதை நிறுத்தினால் நோய் சுருங்கும் என்று 1941-ல் காட்டியவர் சார்லஸ் ஹக்கின்ஸ். அதற்காக 1966-ல் நோபல் பரிசு பெற்றார். இன்றும் லூப்ரோலைடு, கோசரலின் போன்ற ஊசிகள் செய்வது அந்த வேலையைத்தான். ஊசிக்குப் பதிலாக விரைகளை அகற்றும் எளிய ஆபரேஷன் செய்துகொள்பவர்களும் உண்டு. திரும்பத் திரும்ப ஊசிக்கு அலைய முடியாதவர்களுக்கு டாக்டர்கள் அதையும் ஒரு வழியாகச் சொல்வார்கள்.

ஊசி போடும் காலத்தில் பி.எஸ்.ஏ ஏறினால் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ஊசி தேதி தவறியதா? மாதம் ஒருமுறை அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டிய ஊசி சில வாரங்கள் தள்ளிப்போனாலே டெஸ்டோஸ்டிரோன் மறுபடி தலைதூக்கலாம். மழையில் மலைப்பாதை அடைபட்டது, பஸ் வரவில்லை, வீட்டில் விசேஷம் என்று காரணம் எதுவாக இருந்தாலும், டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதனால்தான் பி.எஸ்.ஏ-வோடு டெஸ்டோஸ்டிரோன் அளவையும் சேர்த்துப் பார்ப்பார்கள். டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே சரியாக அடங்கியிருந்தும் பி.எஸ்.ஏ ஏறிக்கொண்டே போனால், நோய் ஹார்மோன் சிகிச்சைக்கு அடங்காத கட்டத்துக்குப் போகிறது என்று அர்த்தம். அதற்கு வேறு மாத்திரைகள், கீமோதெரபி, லுட்டீசியம் சிகிச்சை என்று வழிகள் இருக்கின்றன.

எவ்வளவு என்பதோடு, எவ்வளவு வேகம் என்பதும் முக்கியம்!

ஒரே 0.3 இரண்டு பேருக்கு இரண்டு விதமாகப் பொருள்படும். ஒருவருக்கு ஆபரேஷன் முடிந்து எட்டு வருடங்கள் கழித்து, மூன்று வருடங்களில் மெல்ல 0.1-லிருந்து 0.3-க்கு வந்திருக்கலாம். இன்னொருவருக்கு ஒரே வருடத்தில் வந்திருக்கலாம். பி.எஸ்.ஏ இரட்டிப்பாக எத்தனை மாதங்கள் ஆகின்றன என்பதை டாக்டர்கள் கணக்கிடுவார்கள். வாசகியின் அப்பாவுக்கு 0.15 ஆறு மாதத்தில் 0.3 ஆகியிருக்கிறது. அதாவது, சரியாக இரண்டு மடங்கு. இரண்டு சின்ன எண்களை மட்டும் வைத்து வேகத்தை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால், இது நிதானமான ஏற்றமாகத் தெரியவில்லை. மூன்றாவது டெஸ்ட் அவசியம் என்று சொல்வது அதனால்தான்.

இதில் பயத்தைக் குறைக்கும் செய்தியும் இருக்கிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் புராஸ்டேட் ஆபரேஷன் செய்துகொண்ட 1,997 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 1999-ல் வெளியானது. பி.எஸ்.ஏ ஏறிய பிறகும், நோய் பரவியது தெரியும்வரை ஹார்மோன் சிகிச்சை எடுக்காமல் இருந்த 304 பேரைத் தனியாகக் கவனித்தார்கள். அந்த ஆய்வுக் காலத்தில் நோய் மற்ற இடங்களுக்குப் பரவியது 103 பேருக்கு. ஏறக்குறைய மூன்றில் ஒருவர். பி.எஸ்.ஏ ஏறியதிலிருந்து பரவியது தெரியும்வரை ஆன காலம், நடுமதிப்புக் கணக்கில் 8 வருடங்கள். பத்து மாதங்களுக்குள் பி.எஸ்.ஏ இரட்டிப்பானவர்களுக்கு நோய் சீக்கிரம் பரவியது, மெதுவாக ஏறியவர்களுக்குத் தாமதமானது.

ஆகவே, 'பி.எஸ்.ஏ ஏறிடுச்சு, எல்லாம் முடிஞ்சுது' என்று உட்கார்ந்துவிட வேண்டியதில்லை. உடம்பில் ஒன்றும் தெரியாத இந்தக் காலம்தான் சிகிச்சைக்கு வசதியான காலம். அதை வீணாக்கிவிடக் கூடாது.

டாக்டர் அடுத்து என்ன செய்வார்?

ஆபரேஷன் செய்தவருக்கு பி.எஸ்.ஏ ஏறுவது உறுதியானால், சுரப்பி இருந்த இடத்துக்கு ரேடியேஷன் கொடுப்பதுதான் பெரும்பாலும் முதலில் பேசப்படும். 'சால்வேஜ் ரேடியேஷன்' என்பார்கள். நோயை முழுதாக ஒழிக்க இரண்டாவது வாய்ப்பு இது. பி.எஸ்.ஏ எவ்வளவு குறைவாக இருக்கும்போது கொடுக்கிறார்களோ, அவ்வளவு நல்லது. 0.5-ஐத் தாண்டும் முன், முடிந்தால் அதற்கும் முன்பே என்பதுதான் டாக்டர்களின் கணக்கு. லேப் பேப்பரில் இருக்கும் 4 வரை காத்திருந்தால், இந்த வாய்ப்பு பெருமளவு கைநழுவிப் போயிருக்கும்.

'அப்படியென்றால் ஆபரேஷன் முடிந்த உடனேயே எல்லோருக்கும் ரேடியேஷன் கொடுத்திருக்கலாமே?' என்று தோன்றும். இதைத்தான் பிரிட்டன், கனடா உள்ளிட்ட நாடுகளில் 1,396 பேரிடம் 'ராடிகல்ஸ்' என்ற ஆய்வில் சோதித்தார்கள். ஒரு பிரிவினருக்கு உடனே ரேடியேஷன். இன்னொரு பிரிவினருக்கு பி.எஸ்.ஏ-வை மட்டும் கவனித்துவந்து, ஏறினால் மட்டும் ரேடியேஷன். 2020-ல் வெளியான முடிவு: உடனே கொடுத்ததால் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. காத்திருந்தவர்களில் பலர் ரேடியேஷனையும், சிறுநீர்க் கோளாறு போன்ற அதன் பக்கவிளைவுகளையும் தவிர்க்க முடிந்தது.

நல்ல செய்திதான். ஆனால், இதற்குள் ஒரு நிபந்தனை இருக்கிறது. காத்திருக்கும் பிரிவில் இருந்தவர்கள் டெஸ்ட்டைத் தவறவிடவில்லை. ஏறிய உடனே சிகிச்சைக்கு வந்தார்கள். 'காத்திருக்கலாம்' என்று டாக்டர் சொல்வது, டெஸ்ட்டுக்கு வந்துகொண்டே இருப்பார் என்ற நம்பிக்கையில்தான். பஸ் ஏறினால் பத்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி என்ற ஊரில் இருப்பவருக்கு இது சின்ன விஷயம். கரியாலூரில் இருப்பவருக்கு ஒரு நாள் கூலியும், கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சி போய்வரும் பயணமும் அதில் அடக்கம். அதனால், மலையில் இருப்பவர்கள் இதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்வது நல்லது: "மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவது கஷ்டம் சார். வேறு வழி இருக்கா?" அதையும் வைத்துத்தான் அவர் திட்டம் போட முடியும்.

ஸ்கேன் பற்றியும் கேட்பீர்கள். 'பி.எஸ்.எம்.ஏ பெட்' என்ற ஸ்கேன், புராஸ்டேட் கேன்சர் செல்களின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதத்தைத் தேடிப்பிடித்துக் காட்டும். சாதாரண சி.டி, எலும்பு ஸ்கேன்களைவிட முன்கூட்டியே காட்டக்கூடியது. ஆனால், பி.எஸ்.ஏ மிகக் குறைவாக இருக்கும்போது இதிலும் பலருக்கு ஒன்றும் தெரியாது. 'ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல' என்பதால் நோய் இல்லை என்றாகிவிடாது. ஸ்கேன் சுத்தமாக வந்தாலும் ரேடியேஷனைத் தள்ளிப்போட வேண்டாம் என்று டாக்டர் சொன்னால், அதற்குக் காரணம் இதுதான்.

வேகமாக ஏறுபவர்களுக்கு மருந்துகளும் வந்திருக்கின்றன. ஒன்பது மாதத்துக்குள் பி.எஸ்.ஏ இரட்டிப்பானவர்களிடம் செய்த 'எம்பார்க்' ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. லூப்ரோலைடு ஊசி மட்டும் போட்டவர்களில் ஐந்து வருடங்கள் நோய் பரவாமல் இருந்தவர்கள் 100-க்கு சுமார் 71 பேர். அதோடு என்சலுடமைடு மாத்திரையும் சேர்த்தவர்களில் சுமார் 87 பேர். எல்லோருக்கும் இது தேவைப்படாது. சோர்வு, உடல் சூடாவது போன்ற பக்கவிளைவுகளும் உண்டு. தேவையா என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொரு பக்கம், வயது அதிகமாகி, வேறு நோய்களும் இருந்து, பி.எஸ்.ஏ ஆமை வேகத்தில் ஏறுபவர்களுக்கு 'எதுவும் செய்ய வேண்டாம், கவனித்துக்கொண்டு மட்டும் இருப்போம்' என்று டாக்டர் சொல்லலாம். அது கைவிடுவது அல்ல. அதுவும் ஒரு சிகிச்சை முடிவுதான்.

எண்ணே ஏமாற்றினால்?

லேபுக்கு லேப் மெஷின் மாறும். ஓர் இடத்தில் 0.2 என்பது இன்னோர் இடத்தில் 0.3 ஆக வரலாம். சில லேப்களில் 0.1-க்குக் கீழே காட்டாது, சில லேப்களில் 0.01 வரை காட்டும். அதனால், முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள். 0.03, 0.04 ஆவது போன்ற நூலிழை மாற்றங்களுக்குத் தூக்கம் கெட வேண்டாம்.

முடி வளர, நகம் வளர என்று விற்கும் பயோட்டின் சத்து மாத்திரைகள் சில மெஷின்களில் பி.எஸ்.ஏ-வைக் குறைத்துக் காட்டும். ஃபினாஸ்டிரைடு, டியூட்டாஸ்டிரைடு மாத்திரைகள் சுரப்பி உள்ளவர்களுக்கு பி.எஸ்.ஏ-வைச் சுமார் பாதியாக்கிவிடும். எந்த மாத்திரை சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். இந்த டெஸ்ட்டுக்கு வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை.

மலைப் பகுதிகளில் நாட்டு மருந்து இல்லாத வீடு கிடையாது. சத்துக்காகச் சாப்பிடுவதைப் பற்றிப் பேச்சில்லை. ஆனால், 'இதைக் குடித்தால் பி.எஸ்.ஏ இறங்கும்' என்று யாராவது விற்றால் கவனம் தேவை. அமெரிக்காவில் 1990-களில் 'பி.சி.-ஸ்பெஸ்' என்ற மூலிகைக் கலவை புராஸ்டேட் நோயாளிகளிடம் பிரபலமாக இருந்தது. அதைச் சாப்பிட்டவர்களுக்கு பி.எஸ்.ஏ உண்மையிலேயே இறங்கியது. சோதித்துப் பார்த்தால், மூலிகை என்று சொன்னதற்குள் செயற்கைப் பெண் ஹார்மோனும், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினும் கலந்திருந்தன. 2002-ல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. சாப்பிட்டவர்களுக்கும், அவர்களின் டாக்டர்களுக்கும் என்ன மருந்து உள்ளே போகிறது என்பதே தெரிந்திருக்கவில்லை.

'பி.எஸ்.ஏ டெஸ்ட்டே ஏமாற்று வேலை' என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

அந்தச் சர்ச்சை உண்மைதான். ஆனால், அது வேறு கூட்டத்தைப் பற்றியது. எந்தத் தொந்தரவும் இல்லாத ஆண்கள் அனைவருக்கும் இந்த டெஸ்ட் செய்யலாமா என்பதுதான் அங்கே கேள்வி. 1970-ல் புராஸ்டேட் ஆன்டிஜென் பற்றிய ஆராய்ச்சியில் ஈடுபட்ட ரிச்சர்ட் அப்ளின், 2010-ல் நியூயார்க் டைம்ஸில் இப்படிப் பொத்தாம்பொதுவாக டெஸ்ட் எடுப்பதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். அந்தக் கட்டுரையிலேயே, சிகிச்சை முடிந்தவருக்கு பி.எஸ்.ஏ வேகமாக ஏறினால் அது நோய் திரும்புவதைக் காட்டும், அதற்கு இந்த டெஸ்ட் பயன்படும் என்று ஒப்புக்கொண்டிருந்தார். ஃபார்வர்டில் அந்த வரி வருவதில்லை.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது...

இன்டெல் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஆண்ட்ரூ குரோவ், 1995-ல் தனக்குப் புராஸ்டேட் கேன்சர் என்று தெரிந்ததும் மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படித்து, எண்களைத் தானே வரைபடமாகப் போட்டுப் பார்த்து, எந்தச் சிகிச்சை என்று முடிவு செய்தார். அடுத்த வருடம் ஃபார்ச்சூன் பத்திரிகையில் அதை எழுதவும் செய்தார். நம் வீட்டில் அவ்வளவு வேண்டாம். பழைய நோட்டில் ஒரு பக்கம் போதும். ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் ஒரு வரி: தேதி, பி.எஸ்.ஏ எண், லேப் பெயர், ஊசி போட்ட தேதி. டாக்டர் மாறினாலும், ஆஸ்பத்திரி மாறினாலும் இந்தப் பக்கம் பேசும். போனில் போட்டோ எடுத்து வீட்டில் இன்னொருவரிடமும் அனுப்பி வையுங்கள். லேப் பேப்பர் மலைக் காற்று ஈரத்தில் மங்கிப்போவதுண்டு.

கையில் எடுத்துப்போக வேண்டியவை:

* ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி ரிப்போர்ட். க்ளீசன் ஸ்கோர், வெட்டிய ஓரத்தில் நோய் இருந்ததா என்பதெல்லாம் இவற்றில்தான் இருக்கும்.

* ஆரம்பத்திலிருந்து எடுத்த எல்லா பி.எஸ்.ஏ ரிப்போர்ட்டுகளும். கடைசி ஒன்று மட்டும் போதாது.

* சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள்.

* ஆதார், குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை.

கேட்க வேண்டிய கேள்விகள்:

* எங்கள் அப்பாவுக்கு எந்த எண்ணைத் தாண்டினால் சிகிச்சை தொடங்குவீர்கள்?

* இரட்டிப்பாக எத்தனை மாதம் ஆகிறது?

* ரேடியேஷன் என்றால் எத்தனை நாள்? தங்கிச் செய்ய வேண்டுமா?

* அடுத்த டெஸ்ட் எந்தத் தேதியில்? ரத்தம் மட்டும் பக்கத்தில் கொடுத்துவிட்டு ரிப்போர்ட்டைப் போனில் காட்டலாமா?

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-ல். சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. மலையிலிருந்து இறங்குபவர்கள் முதலில் அங்கே காட்டி, தேவைப்பட்டால் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு புதுச்சேரி ஜிப்மர், காஞ்சிபுரம் அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை, சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் போன்ற இடங்களுக்குப் போகலாம். ரேடியேஷன் வாரத்தில் ஐந்து நாள் வீதம் சில வாரங்கள் நடக்கும், தினமும் மலைக்குப் போய்வருவது நடக்காது. அதனால், தங்கும் இடத்தைப் பற்றி முதல் நாளே விசாரித்துவிடுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். எந்த ஸ்கேன், எந்தச் சிகிச்சை அதில் அடங்கும் என்பதை மருத்துவமனையில் இருக்கும் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சந்தேகத்துக்கு 104 என்ற எண்ணிலும் பேசலாம்.

வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. புராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு பல ஆண்களுக்குச் சிறுநீர்க் கசிவு, தாம்பத்தியத்தில் சிரமம் இருக்கும். மகளிடமோ மருமகளிடமோ சொல்ல மாட்டார்கள். பஸ்ஸில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் வேட்டி நனைந்துவிடுமே என்ற கூச்சத்தில்கூட 'எனக்கு ஒண்ணுமில்ல, வர்ல' என்பார்கள். 'கிழங்கு பிடுங்கணும்' என்பது வெளியில் சொல்லும் காரணமாக இருக்கலாம். அம்மாவையோ, அப்பாவின் நண்பர் ஒருவரையோ விட்டு மெதுவாகக் கேட்கச் சொல்லுங்கள். கசிவுக்குப் பேட் இருக்கிறது, பயிற்சி இருக்கிறது. அதையும் டாக்டரிடம் சொல்லலாம்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

பி.எஸ்.ஏ எண் எதுவாக இருந்தாலும் சரி, புராஸ்டேட் கேன்சர் சிகிச்சை எடுத்த ஒருவருக்கு இவை வந்தால் அடுத்த டெஸ்ட் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது:

* கால்கள் திடீரெனப் பலமிழப்பது, மரத்துப்போவது, நடக்கத் தடுமாறுவது.

* சிறுநீரோ மலமோ திடீரென அடைபடுவது, கட்டுப்பாடில்லாமல் போவது.

* முதுகிலோ இடுப்பெலும்பிலோ இரவில் தூங்கவிடாமல் வலி, நாளுக்கு நாள் கூடுவது.

* சிறுநீரில் ரத்தம் கட்டிகட்டியாக வருவது.

முதல் இரண்டும் முதுகுத் தண்டுவடம் அழுத்தப்படுவதன் அடையாளமாக இருக்கலாம். சில மணி நேரம் தாமதித்தாலும் கால் திரும்பாமல் போகலாம். 108-ஐ அழைத்துவிடுங்கள்.

இன்று இரவே செய்யக்கூடிய ஒரு வேலை: பழைய பி.எஸ்.ஏ ரிப்போர்ட்டுகளை எல்லாம் எடுத்துத் தேதி வாரியாக அடுக்குங்கள். ஒவ்வொன்றிலும் அச்சாகியிருக்கும் '0 - 4' மீது பேனாவால் ஒரு கோடு போடுங்கள். பக்கத்தில், அவருக்கு என்ன சிகிச்சை நடந்தது என்பதையும், டாக்டர் சொன்ன அவருக்கான எண்ணையும் எழுதி வையுங்கள். டாக்டர் இன்னும் அந்த எண்ணைச் சொல்லவில்லை என்றால், அடுத்த முறை கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

(இங்கே சொன்னவை பொதுவான விளக்கம். எந்த மருந்தையும் தொடங்கவோ நிறுத்தவோ உங்கள் டாக்டரின் ஆலோசனை அவசியம்.)

அடுத்த வாரம் 'ரிப்போர்ட்ல என்ன இருக்கு?' பகுதியில்: மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்.பி.ஏ1சி டெஸ்ட். ரத்தசோகை இருப்பவர்களுக்கு அது ஏன் தப்பாகக் காட்டலாம்?